மிதித்தால் கூவுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது: கியர்பாக்ஸா, வீல் பேரிங்கா?

மலைச்சாரல், தேனி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். முன்சக்கர இயக்கம், ஐந்து கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸ், இதுவரை 90,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கிறது. கடந்த சில மாதங்களாக, ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் எடுக்கும்போது வண்டியின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று வருகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தொடங்கி, வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறுகிறது. காலை எடுத்த கணமே அடங்கிவிடுகிறது. மீண்டும் மிதித்தால் மீண்டும் வருகிறது.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கிறது. பின்னிருக்கையில் இருப்பவர்கள்கூட என்னவென்று கேட்கிறார்கள். அதே பாதையில் இரண்டாவது கியரில் இறங்கி வரும்போது ஒரு சத்தமும் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் இந்தச் சத்தம் வருவதில்லை.

உள்ளூரில் இரண்டு பட்டறைகளில் காட்டினேன். முதலாமவர் ஓட்டிப் பார்க்காமலே, முன்சக்கர வீல் பேரிங் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார். இரண்டாமவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வரவழைத்துப் போட்டுவிடலாம் என்றார். இரண்டு தீர்ப்புகளுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பதால், எதையும் பிரிப்பதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். சென்ற ஆண்டு வேறொரு ஊரில் கிளட்ச் பிளேட் மாற்றினேன் என்பதைத் தவிர, இந்த வண்டியில் பெரிய வேலை எதுவும் செய்ததில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.


நாற்சக்கரம், ஈரோடு

முதல் பட்டறைக்காரர் சொன்னதை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம், சார். வீல் பேரிங் சத்தமும் வண்டியின் வேகத்தோடுதான் ஏறும். ஆனால் அதை உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். எந்தப் பக்கம் வளைத்தாலும் சத்தம் மாறவே இல்லை என்றால், பேரிங் மேல் இருக்கும் சந்தேகம் பெருமளவு குறைந்துவிடும்.

டயரையும் கவனியுங்கள். ஓரங்களில் அலை அலையாகத் தேய்ந்த டயர் கிட்டத்தட்ட இதே மாதிரி முனகும். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர்தான். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால் சத்தமும் பின்னுக்குப் போய்விடும்.


பழைய ஃபோர்மேன், கோவை

நான் ஓய்வு பெறும்வரை கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வேலைகளைத்தான் பெரும்பாலும் பார்த்து வந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் குறிப்புகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஊளைச் சத்தம் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எதைப் பின்தொடர்கிறது என்பதைத்தான். எஞ்சினின் சுழற்சியைப் பின்தொடர்கிறதா, வண்டியின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, அல்லது இழுவைச் சுமையையா? இதைப் பிரித்துக்கொள்ளாமல் ஸ்பானரை எடுப்பவர், உங்கள் செலவில் ஊகித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கும்போது சத்தம் வரவில்லை என்பதால், ஃபேன் பெல்ட், அதன் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் பேரிங், ஏசி கம்ப்ரசர் கப்பி ஆகியவை அநேகமாக விலகிவிடுகின்றன. இவை எல்லாம் எஞ்சினோடு சுற்றுபவை. வண்டி நின்றாலும் ஓடினாலும் கூவும். அதுபோலவே, நியூட்ரலில் கிளட்சை மிதிக்காமல் இருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் என்றும், மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் என்றும் கொள்வது வழக்கம். உங்களுக்கு இரண்டும் இல்லை.

அடுத்து நீங்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. சமதளச் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் மிதித்து ஓட்டி, சத்தத்தின் சுருதியை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அறுபதில் நான்காவது கியரில் மிதித்துப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி குறைந்த பிறகும் சுருதி மாறாமல் இருந்தால், சத்தம் எஞ்சின் பக்கத்திலிருந்து வரவில்லை; கியர்பாக்ஸின் வெளிச்செல்லும் ஷாஃப்ட், அதிலிருக்கும் சிறிய பற்சக்கரமான பினியன், அது சுற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன், டிஃபரன்ஷியல், சக்கரம் என்ற வரிசையில் எங்கோ இருக்கிறது. அதற்கு மாறாக ஒரே ஒரு கியரில் மட்டும் கூவினால், அந்தக் கியரின் பற்சக்கர ஜோடியைத்தான் பார்க்க வேண்டும்.

வீல் பேரிங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. உங்களுடையது போன்ற காரின் சக்கரம் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 முறை சுற்றும். அதோடு சேர்ந்தே சுற்றும் கிரவுன் வீலில் 70 பற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 600 முறை பல்லோடு பல் கோத்துக்கொள்கிறது. 600 ஹெர்ட்ஸ் என்பது காதுக்குத் துல்லியமாகக் கேட்கும் ஊளைச் சுருதி. வீல் பேரிங்கோ நொடிக்கு எட்டு ஒன்பது முறைதான் சுற்றுகிறது. அதில் குழி விழுந்தால், குண்டுகள் அந்தக் குழியைக் கடக்கும் எண்ணிக்கை நொடிக்குச் சில பத்துகளைத் தாண்டாது. எனவே அது ஊளையிடாது, அடித்தொண்டையில் உறுமும். நீங்கள் ‘மெல்லிய ஊளை’ என்று எழுதியிருப்பதால்தான் எனக்குக் கியர்பாக்ஸ் மேல் சந்தேகம் போகிறது. கைபேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து அளந்து பாருங்கள்.

மிதித்தால் வருவதும் விட்டால் நிற்பதும் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது சுழற்சியை மட்டும் கடத்துவதில்லை. ஷாஃப்டை நீளவாக்கில் ஒரு பக்கமாகத் தள்ளவும் செய்கின்றன. எஞ்சின் வண்டியை இழுக்கும்போது ஒரு முனையில் இருக்கும் பேரிங் அந்தத் தள்ளுதலைத் தாங்குகிறது. காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைச் சுற்றத் தொடங்குவதால், தள்ளுதலின் திசை புரண்டு, சுமை மறு முனைப் பேரிங்குக்குப் போய்விடுகிறது. பற்களின் மறுபக்க முகம்தான் அப்போது உரசுகிறது. ஆகையால், ஏற்றத்தில் கூவி இறக்கத்தில் அமைதியாகும் பெட்டியில் இழுவைப் பக்கத்துப் பேரிங்கோ பல்முகமோ தேய்ந்திருக்கிறது என்றும், இரண்டிலும் கூவினால் தேய்மானம் பரவிவிட்டது என்றும் ஓரளவு கணிக்கலாம். உங்களுடையது இன்னும் முதல் நிலையில்தான் இருக்கிறது போலும்.

சிலர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு ஓடவிட்டுக் கேட்பார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது ஆபத்தானது என்பது ஒருபுறம் இருக்க, சக்கரங்கள் தொங்கும்போது, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் வழக்கத்தை மீறிய கோணத்தில் வளைந்து, இல்லாத சத்தத்தை உண்டாக்கும். சுமையும் இல்லாததால் நீங்கள் தேடும் சத்தம் வராமலே போகலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: கிளட்ச் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். முன்சக்கர இயக்கக் காரில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு டிரைவ் ஷாஃப்டுகளை உருவ வேண்டும். உருவும்போது ஆயில் வெளியேறும். திரும்பப் பூட்டியவர் ஆயிலை முழுமையாக ஊற்றினாரா? ஷாஃப்டைச் செருகும்போது அதன் பற்கள் பட்டு, ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் உதடு கிழிந்திருக்கிறதா? வேறு எதையும் தொடுவதற்கு முன் இவ்விரண்டையும் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றினால், பெரும்பாலான பெட்டிகளில் ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஊற்றும் பிளக் கழல்கிறது என்று தெரிந்த பிறகுதான் வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருவேறித் திரும்பாமல் வண்டியை நடுக்கூடத்தில் நிறுத்திவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.


டீசல் பிரியன், மதுரை

இந்த இழையைப் படிக்கும் டீசல் வண்டிக்காரர்களுக்காக ஒரு குறிப்பு. டர்போ எஞ்சினில் மிதித்தால் மட்டும் விசில் போன்ற சத்தம் வந்து, கூடவே இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால், கியர்பாக்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் பாருங்கள். சிறு வெடிப்பு இருந்தாலும் அழுத்தம் ஏறும்போது காற்று அதன் வழியே சீறும். நின்ற இடத்தில் முறுக்கும்போது டர்போவில் போதிய அழுத்தம் உருவாவதில்லை என்பதால் அதுவும் ‘ஓடும்போது மட்டும் வரும் சத்தம்’ போலவே ஏமாற்றும். என் வண்டியில் குழாயின் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்த இடமே வெடிப்பைக் காட்டிக்கொடுத்தது. கேள்வி கேட்டவருடையது பெட்ரோல் வண்டி என்பதால் அவருக்கு இது பொருந்தாது.


மலைச்சாரல், தேனி

அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆண்டிபட்டி சாலையில் ஆள் இல்லாத காலை நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். அறுபதில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் சுருதி ஒன்றாகவே இருக்கிறது. மகனின் கைபேசிச் செயலி இரண்டிலும் 600 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு முகட்டைக் காட்டியது. இடமும் வலமும் வளைத்தபோது எந்த மாற்றமும் இல்லை. அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, எஞ்சினை அணைக்காமல் உருளவிட்டபோது முழு அமைதி.

பிறகு, தெரிந்த மெக்கானிக் ஒருவரின் பிட்டில் வண்டியை நிறுத்தி அடியில் பார்த்தோம். இடப்பக்க டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி, எண்ணெயும் புழுதியும் சேர்ந்து விரற்கடை தடிமனுக்குக் கருப்பாக அப்பியிருந்தது. ஊற்றும் பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை வளைத்து விட்டுப் பார்த்தபோது விரல் நுனியில்கூட எண்ணெய் படவில்லை. முழுவதையும் வடித்து அளந்தால், கையேட்டில் சொல்லியிருக்கும் அளவில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்போடு, நகத்தால் எடுக்கும்படி மெல்லிய செதில்களும் சில ஒட்டியிருந்தன.

சீலை மாற்றி, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றிய பிறகு சத்தம் தெளிவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. இப்படியே ஓட்டலாமா, அல்லது பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டுமா? இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றினால் மீதிச் சத்தமும் அடங்கிவிடும் என்று ஸ்பேர்ஸ் கடைக்காரர் சொல்கிறார்.


பழைய ஃபோர்மேன், கோவை

கெட்டி ஆயில் வேண்டாம். அது சத்தத்தை மூடி மறைக்குமே தவிர, தேய்ந்த பேரிங்கைத் திருப்பித் தராது. குளிர்ந்த காலையில் கியர் விழவும் சிரமப்படும். அந்தக் கடைக்காரர் ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு எழுதியிருக்கும் டப்பாவை நீட்டினாலும் வாங்க வேண்டாம். ஜிஎல்-5 என்பது பின்சக்கர இயக்க வண்டிகளின் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஹைபாய்டு பற்களுக்கானது. அங்கே பற்கள் உருள்வதோடு நில்லாமல் கடுமையாகச் சறுக்கவும் செய்வதால், கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானங்கள் அதிகம் தேவைப்படுகின்றன. உங்கள் வண்டியில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் கிரவுனும் பினியனும் சாதாரண சாய்பற்கள்தாம். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. சில ஜிஎல்-5 ஆயில்களின் சேர்மானங்கள் அவற்றை அரித்துவிடும். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான்.

சாம்பல் குழம்பு எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். செதில்தான் கவலை. ஆயில் குறைந்து ஓடியதில் பேரிங்கின் தடத்தில் மேல்தோல் உரியத் தொடங்கியிருக்கிறது என்று அது சொல்கிறது. உரிந்த செதில் மற்றப் பேரிங்குகளுக்குள்ளும் புகும் என்பதால், இதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. ஊருக்குள் சில வாரங்கள் ஓட்டினால் ஒன்றும் ஆகிவிடாது. போடிமெட்டு ஏற்றத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். பினியன் இருக்கும் வெளிச்செல்லும் ஷாஃப்டின் பேரிங்குகளையும் டிஃபரன்ஷியலின் இருபக்கப் பேரிங்குகளையும் கழுவிக் காயவைத்து, விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும். போனது விரலுக்கு மணல் கடிப்பதுபோல் தெரியும். அதன்பின் கிரவுன், பினியன் பற்களின் இழுவைப் பக்க முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முகம் கண்ணாடி போல் ஒரே சீராக இருந்தால் பேரிங்குகளும் சீல்களும் மாற்றினால் போதும். குழி விழுந்திருந்தால் அந்த இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதுப் பல் பழைய பல்லோடு இணங்காமல் முன்னைவிட அதிகமாகக் கூவும். டிஃபரன்ஷியலில் டேப்பர் ரோலர் பேரிங் இருந்தால், புதியதைப் போட்ட பிறகு, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம்மின் கனத்தை மறுபடியும் அளந்து வைக்க வேண்டும். பழைய ஷிம்மை அப்படியே போட்டு மூடும் பட்டறையிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பழைய பெட்டி வாங்கிப் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் நல்ல பெட்டிகள் கிடைக்கவே செய்கின்றன. ஆனால் அது எந்த வண்டியில், எவ்வளவு ஆயிலோடு ஓடியது என்பதை விற்பவரே அறியமாட்டார். உங்கள் பெட்டியில் பற்கள் நன்றாக இருக்கும் பட்சத்தில், என்னைக் கேட்டால் அதையே சீர்செய்வதுதான் சரி.


மலைச்சாரல், தேனி

பெட்டியைப் பிரித்து வேலையை முடித்தாயிற்று. பினியன் பக்கத்துப் பேரிங்கின் வெளிவளையத்தில், ஒரு பக்கமாக மட்டும், உளுந்தளவு குழிகள் வரிசையாக இருந்தன. டிஃபரன்ஷியல் பேரிங் ஒன்றிலும் லேசான கீறல்கள் தெரிந்ததால், பேரிங்குகளையும் சீல்களையும் மொத்தமாக மாற்றச் சொல்லிவிட்டேன். பற்களில் குறை இல்லை. ஷிம்மை அளந்து வைப்பதற்காக மெக்கானிக் மதுரைக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருந்தது; அதற்கான கூலியை மறுக்காமல் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்தும் பழைய பெட்டிக்குச் சொன்ன விலையைவிடக் குறைவாகவே ஆயிற்று.

இப்போது மலை ஏறும்போது எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. ஒரே ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது: ரிவர்ஸ் கியரில் பின்னால் எடுக்கும்போது ஊளை போன்ற ஒரு சத்தம் கேட்கிறது. இது முன்பே இருந்ததா என்று நான் கவனித்ததில்லை. வேலையில் ஏதேனும் குறை விட்டிருப்பார்களோ?


பழைய ஃபோர்மேன், கோவை

குறை எதுவும் இல்லை. இத்தகைய பெட்டிகளில் ரிவர்ஸ் கியரின் பற்கள் மட்டும் நேராக வெட்டப்பட்டிருக்கும். இடைச்சக்கரம் ஒன்றை நகர்த்திக் கோத்துவிடுவதற்கு அதுதான் எளிது. நேரான பற்கள் ஒவ்வொன்றாக முழு அகலத்தோடு மோதிக்கொள்வதால் அந்தச் சத்தம் எழுகிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புதுக் காரிலும் அதைக் கேட்கலாம்.

ஓராயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஊற்றும் பிளக்கை ஒருமுறை கழற்றி அளவைப் பாருங்கள். இடப்பக்க சீலைச் சுற்றி இப்போதே நன்றாகத் துடைத்து வைத்துவிட்டால், மறுபடியும் கசிகிறதா என்பது அப்போது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். புதுப் பேரிங்குகள் பழகும்போது உதிரும் துகள் ஆயிலில் சேரும் என்பதால், ஐயாயிரம் கிலோமீட்டரில் ஆயிலையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.